விருது வந்த வழி: மயிலாப்பூர் முதல் நுங்கம்பாக்கம் வரை

மனித உரிமை பேசும் படங்களுக்கென்றே தரப்படும் விருதுகளுக்கு வயது அதிகமில்லை. அமெரிக்காவின் பொலிடிக்கல் ஃபிலிம் சொசைட்டி 1986இல் தொடங்கப்பட்டது. ஜனநாயகம், மறைக்கப்பட்டதை வெளிக்கொணர்தல், மனித உரிமை, சமாதானம் ஆகிய நான்கு தலைப்புகளில் அது படங்களைத் தேர்ந்தெடுத்தது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பின் திரைப்பட விழா 1988இல் வந்தது. பிராக் நகரின் 'ஒன் வேர்ல்ட்' விழா 1999இலும், ஜெனீவா விழா 2003இலும் தொடங்கின. பெர்லின் திரைப்பட விழாவில் ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் 2005 முதல் தனிப் பரிசு தருகிறது; வெனிஸில் அதன் இத்தாலியக் கிளை தந்திருக்கிறது.

இந்த வட்டத்துக்குள் தமிழ்ப் படங்களும் நுழைந்திருக்கின்றன. 'பம்பாய்', 'கன்னத்தில் முத்தமிட்டால்', 'விசாரணை' ஆகியவை அவற்றில் முக்கியமானவை. மூன்றும் சென்னையிலிருந்து போனவை. ஆனால் தமிழக அரசின் திரைப்பட விருதுகளில் 'மனித உரிமை' என்று ஒரு பிரிவு கிடையாது. தேசிய விருதுகளிலும் கிடையாது. 'சமூகப் பிரச்சினை', 'தேசிய ஒருமைப்பாடு', 'குடும்ப நலம்', 'சிறந்த தமிழ்ப் படம்' என்று வேறு பெயர்களில்தான் இந்தப் படங்கள் பரிசு வாங்கின. அந்தப் பரிசுகளின் தடம் பார்க்க விரும்புகிறவருக்குத் தென்சென்னையே போதும். பறக்கும் ரயிலில் பாதி, பஸ்ஸில் மீதி என்று ஒரு பகலில் முடித்துவிடலாம்.

திருமயிலை நிலையத்தில் தொடங்குவது வசதி. பக்கிங்காம் கால்வாயை ஒட்டித் தூண்களின் மேல் நிற்கும் நிலையம் அது. உள்ளே கோயில் மண்டபம் போல நீண்ட கூடம். வெளிச்சம் குறைவு, புறாக்கள் அதிகம். வெளியே வந்தால் லஸ் பக்கம் முழுக்க மெட்ரோ பணிக்கான தடுப்புகள். ஒரு காலத்தில் இங்கே படம் பார்க்கக் கபாலி தியேட்டரும் காமதேனு தியேட்டரும் இருந்தன. இரண்டும் இப்போது இல்லை. மயிலாப்பூர்க்காரர்கள் இன்றும் வழி சொல்லும்போது அந்தப் பெயர்களை விடுவதில்லை.

லஸ்ஸிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருப்பது வாரன் சாலை. கே. பாலசந்தர் வாழ்ந்த வீடு அங்கேதான் இருந்தது. கோமல் சுவாமிநாதனின் நாடகத்தை வைத்து அவர் எடுத்த 'தண்ணீர் தண்ணீர்' 1981ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படமாகத் தேசிய விருது பெற்றது. திரைக்கதைக்கும் விருது கிடைத்தது. வறண்ட அத்திப்பட்டி மக்கள் அரசிடம் மனு கொடுத்துச் சலித்து, தாங்களே கால்வாய் வெட்டப் புறப்படுகிறார்கள். தடுக்க வருவது அதே அரசின் போலீஸ். குடிநீரை உரிமை என்று நீதிமன்றங்கள் விரிவாகப் பேசத் தொடங்குவதற்கு முன்பே வந்த படம் அது. அன்றைக்கு அதை யாரும் உரிமைப் படம் என்று அழைக்கவில்லை. அரசியல் படம் என்றார்கள்.

தேசிய விருதுகளில் 'பிற சமூகப் பிரச்சினைகள்' என்ற பிரிவு 1984ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து சேர்க்கப்பட்டது. மதுவிலக்கு, பெண்கள் குழந்தைகள் நலம், வரதட்சிணை எதிர்ப்பு, போதை ஒழிப்பு, மாற்றுத்திறனாளிகள் நலம் எல்லாம் அதில் அடக்கம். அந்தப் பிரிவில் 1987ஆம் ஆண்டுக்கான விருது பாரதிராஜாவின் 'வேதம் புதிது' படத்துக்குக் கிடைத்தது. பாலுத்தேவர் என்ற பெயரில் பாலு இருக்கட்டும், தேவர் என்பது படித்து வாங்கிய பட்டமா என்று ஒரு சிறுவன் கேட்கும் இடம்தான் படத்தின் உயிர்நாடி. பாலுத்தேவராக வரும் சத்யராஜின் முகத்தில் அறை விழுந்தது போன்ற பதில். 1990ஆம் ஆண்டுக்கு பாலசந்தரின் 'ஒரு வீடு இரு வாசல்' அதே விருதைப் பெற்றது. பெண் சிசுக்கொலையைப் பேசிய பாரதிராஜாவின் 'கருத்தம்மா' 1994ஆம் ஆண்டுக்கு 'குடும்ப நலம்' பிரிவில் தேர்வானது. பிறந்த குழந்தையைக் கொல்வதைக் குடும்ப நலக் கணக்கில் எழுதுவது விசித்திரம்தான். 

லஸ் சர்ச் சாலை வழியாக மேற்கே போனால் ஆழ்வார்பேட்டை. 1995 ஜூலையில் மணிரத்னம் வீட்டின் மீது நாட்டு வெடிகுண்டுகள் வீசப்பட்டது இங்கேதான். அவர் காயமடைந்தார். சில மாதங்களுக்கு முன் மார்ச்சில் 'பம்பாய்' வெளியாகியிருந்தது. பாபர் மசூதி இடிப்புக்குப் பின் மும்பையில் நடந்த கலவரத்தின் நடுவே ஓர் இந்து–முஸ்லிம் தம்பதியும் அவர்களது இரட்டைக் குழந்தைகளும் சிக்கிக்கொள்ளும் கதை. படத்தின் மும்பைத் தெருக்களில் பெரும்பகுதி கலை இயக்குநர் தோட்டா தரணி சென்னையில் போட்ட செட். சிங்கப்பூரும் மலேசியாவும் படத்தைத் தடை செய்தன. பரிசுகளும் அதே வேகத்தில் வந்தன: தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கீஸ் தத் விருது, படத்தொகுப்பாளர் சுரேஷ் அர்ஸுக்குத் தேசிய விருது, ஜெருசலேம் திரைப்பட விழாவின் 'சுதந்திர உணர்வு' விருதுப் பிரிவில் சிறப்புக் குறிப்பு, 1996இல் பொலிடிக்கல் ஃபிலிம் சொசைட்டியின் சிறப்பு விருது. கலவரத்தின் பொறுப்பை இரண்டு பக்கமும் சமமாகப் பங்கிட்டுவிட்டுப் படம் நழுவுகிறது என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது. இன்று பார்த்தாலும் அது நியாயமான விமர்சனமாகவே படுகிறது. விருதுக் குழுக்களுக்குப் பிடித்ததும் அந்தச் சமநிலைதான் என்று நினைக்க இடமுண்டு.

அதே இயக்குநரின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' 2002இல் வந்தது. இலங்கைப் போரில் பிரிந்துபோன தாயைத் தேடி, சென்னையில் தத்துப்பிள்ளையாக வளரும் சிறுமி வளர்ப்புப் பெற்றோரோடு கடல் கடந்து போகிறாள். தேசிய விருதுகள் ஆறு கிடைத்தன. சிறந்த தமிழ்ப் படம், ரஹ்மானின் இசை, வைரமுத்துவின் பாடல், ஸ்ரீகர் பிரசாத்தின் படத்தொகுப்பு, சிறுமி கீர்த்தனாவின் நடிப்பு, ஒலிப்பதிவு ஆகியவற்றுக்கானவை அவை. ஜெருசலேமில் முன்பு சிறப்புக் குறிப்போடு நின்ற 'சுதந்திர உணர்வு' விருது இந்த முறை முழுதாகவே வந்து சேர்ந்தது.

ஆழ்வார்பேட்டையில் கஸ்தூரி ரங்கா சாலையில் இருக்கிறது ரஷ்யக் கலாச்சார மையம். 2003 முதல் இண்டோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் நடத்திவரும் சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு இதன் அரங்கம் பல ஆண்டுகளாக ஓர் இடம். விழா டிசம்பரில் வரும். மனித உரிமை நாள் டிசம்பர் 10. மார்கழிக் கச்சேரிகளும் அந்த மாதமே. சபா கேன்டீனில் அடை சாப்பிட்டுவிட்டு ஈரானியப் படத்துக்கு ஓடும் ரசிகர்களை மயிலாப்பூர் வட்டாரத்தில் மட்டுமே பார்க்க முடியும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பேனாவால் வட்டமிட்ட நிகழ்ச்சி நிரல், உள்ளே இடம் கிடைக்காவிட்டால் படிக்கட்டில் உட்காரவும் தயார்.

விருதும் விழாத் தேர்வும் பணமும் கேடயமும் மட்டுமல்ல, படம் மக்கள் முன் வருவதற்கான ஒரு வழியும்கூட என்பதற்கு அம்ஷன் குமாரின் 'மனுசங்கடா' நல்ல உதாரணம். இறந்துபோன தலித் முதியவரின் உடலைப் பொதுப்பாதை வழியே எடுத்துச்செல்ல மகன் உயர் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கி வருகிறான். உத்தரவு கையில் இருக்கிறது, பாதை திறக்கவில்லை. 2017 கோவா சர்வதேசத் திரைப்பட விழாவின் இந்தியன் பனோரமா பிரிவுக்குத் தேர்வான அந்தப் படம் தியேட்டருக்கு வந்தது 2018 அக்டோபரில்.

திரும்பவும் ரயில். திருமயிலைக்கு அடுத்து மந்தைவெளி, அதற்கடுத்து கிரீன்வேஸ் சாலை. ஜன்னலோரம் கால்வாய் கூடவே வருகிறது. அதன் கரையில் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் 2022 மே மாதம் நீதிமன்ற உத்தரவின்படி வீடுகள் இடிக்கப்பட்டபோது முதியவர் ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதே ஆண்டு டிசம்பரில் ஓடிடியில் வந்த தீபக்கின் 'விட்னஸ்', நகரத்துக்கு வெளியே செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்ட ஒரு துப்புரவுத் தொழிலாளித் தாயின் கதை. கல்லூரியில் படிக்கும் அவரது மகனை அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்குகிறார்கள். அவன் மேலே வருவதில்லை. தாயாக நடித்த ரோகிணி, நீதிமன்றத்தில் காத்திருக்கும் காட்சிகளில் அழுவதே இல்லை. படத்தின் பலம் அது.

கிரீன்வேஸ் சாலைக்கு இப்போது பி.எஸ். குமாரசாமி ராஜா சாலை என்று பெயர். அமைச்சர்களின் அரசு வீடுகள் நிறைந்த இந்தச் சாலையில்தான் 'திருவரங்கம்' என்ற கட்டடத்தில் தமிழ்நாடு மாநில மனித உரிமைகள் ஆணையம் இயங்குகிறது. 1997 ஏப்ரலில் அமைக்கப்பட்டது. படங்களுக்குப் பரிசு தருவது இந்த ஆணையமல்ல, டெல்லியில் உள்ள தேசிய ஆணையம். அது 2015 முதல் குறும்படப் போட்டி நடத்துகிறது. படம் எந்த இந்திய மொழியிலும் இருக்கலாம். ஆங்கிலத் துணைத்தலைப்பு வேண்டும். முதல் பரிசு 2 லட்சம் ரூபாய், இரண்டாவது ஒன்றரை லட்சம், மூன்றாவது 1 லட்சம். 2024 போட்டியில் காஷ்மீரின் தூத் கங்கை ஆறு மாசுபடுவதைப் பற்றிய ஆவணப்படம் முதலிடம் பெற்றது. மூன்றாம் பரிசு தமிழ்நாட்டிலிருந்து போன 'காட்' என்ற படத்துக்கு. குடிநீரின் அருமையை ஒரு முதியவர் மூலம் வசனமே இல்லாமல் காட்டும் படம். 'தண்ணீர் தண்ணீர்' வந்து 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் தமிழ்நாட்டிலிருந்து இதே விஷயம்தான் பரிசுக்குப் போகிறது. இந்திய அரசு அமைப்பு ஒன்று மனித உரிமை என்ற பெயரிலேயே படத்துக்குப் பரிசு தரும் இடம் இது. இயக்குநராக வேண்டுமென்று அலையும் கோடம்பாக்கம் இளைஞர்களில் பலர் இப்படி ஒன்று இருப்பதையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

அடையாற்றைத் தாண்டி ரயில் கோட்டூர்புரம், கஸ்தூரிபா நகர், இந்திரா நகர், திருவான்மியூர் வழியாகத் தரமணி போகிறது. 'அடையாறு ஃபிலிம் இன்ஸ்டிடியூட்' என்று திரைத்துறையில் எல்லோரும் சொல்லும் அரசு திரைப்படக் கல்லூரி உண்மையில் இருப்பது தரமணியில். 1945இல் பாலிடெக்னிக்கின் ஒரு பகுதியாகப் பிறந்தது; இன்று எம்.ஜி.ஆர். பெயரில் உள்ளது. இதன் மாணவர் படங்களுக்கும் மாநில அரசு விருது உண்டு, ஆனால் காத்திருக்க வேண்டும். 1967இல் தொடங்கிய தமிழக அரசு திரைப்பட விருதுகள் இடையில் நின்றுபோயின. 2009 முதல் 2014 வரையான படங்களுக்குரிய விருதுகள் 2017இல் அறிவிக்கப்பட்டு, 2022 செப்டம்பர் 4 அன்று கலைவாணர் அரங்கில் வழங்கப்பட்டன. அந்த மேடையில் மாணவர் பரிசுகளும் தரப்பட்டன. கல்லூரியில் எடுத்த படத்துக்குப் பரிசு வாங்க, தலை நரைக்கத் தொடங்கிய பிறகு வரவேண்டியிருந்தது. மாநில விருதுகளில் உரிமைக்கு மிக அருகில் வரும் பிரிவு, பெண்களை உயர்வாகச் சித்திரிக்கும் படத்துக்கான சிறப்புப் பரிசு. சாதியைப் பேசும் படத்துக்கு அப்படி ஒன்று இல்லை.

கல்லூரிக்குப் பக்கத்திலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்களைப் பார்க்க விரும்புகிறவர் அங்கே ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

ரயில் பாதையிலிருந்து சற்று விலகினால் பெசன்ட் நகர். அதன் கடற்கரையில் நடனக் கலைஞர் சந்திரலேகா வாழ்ந்த 'ஸ்பேசஸ்' வளாகத்தில் நடனம், நாடகத்தோடு ஆவணப்படங்களும் திரையிடப்பட்டுவந்தன. உரிமைப் படம் என்றால் முதலில் நிற்க வேண்டியவை ஆவணப்படங்கள்தான். ஆர்.பி. அமுதனின் 'பீ' 2003இல் எடுக்கப்பட்டது. மதுரையில் திறந்தவெளிக் கழிப்பிடமாகிவிட்ட ஒரு தெருவைக் காலையில் சுத்தம் செய்யும் பெண் தொழிலாளியின் பின்னாலேயே கேமரா போகிறது. சாம்பல் தூவுவதும் தகரத்தால் அள்ளுவதும் வெட்டாமல் அப்படியே ஓடும். முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்வையாளருக்கு வழியே தருவதில்லை. சென்னையில் பிரக்ருதி ஃபவுண்டேஷன் நடத்திய 'ஒன் பில்லியன் ஐஸ்' ஆவணப்பட விழாவில் 2005இல் அது சிறந்த படமாகத் தேர்வானது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து திவ்யபாரதி மாநிலமெங்கும் அலைந்து அதே விஷயத்தைப் படமாக்கிய 'கக்கூஸ்' 2017இல் வந்தபோது பல ஊர்களில் திரையிடலுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. படம் யூடியூப்பில் ஏறியது. இயக்குநர் மீது வழக்குகள் பாய்ந்தன. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்யும் புதிய சட்டம் 2013லேயே வந்துவிட்டது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

தரமணிக்குத் தெற்கே ரயில் பெருங்குடியைத் தாண்டி வேளச்சேரிக்குப் போகிறது. 2012 பிப்ரவரி 23 அதிகாலை, வங்கிக் கொள்ளையர் என்று போலீசால் சொல்லப்பட்ட ஐந்து பேர் வேளச்சேரியில் ஒரு வீட்டுக்குள் சுட்டுக்கொல்லப்பட்டனர். வெற்றிமாறனின் 'விசாரணை' முடியும்போது சென்னைப் பார்வையாளருக்கு அந்த இரவு நினைவுக்கு வராமல் இருக்காது.

படத்தின் முதல் பாதி வேறோர் இடத்திலிருந்து வருகிறது. கோவையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் 1983இல் ஆந்திராவின் குண்டூரில் பிடிக்கப்பட்டு, போலீஸ் காவலில் பதின்மூன்று நாள் சித்திரவதைப்பட்டு, பிறகு சிறையிலும் இருந்தார். அந்த அனுபவத்தை எழுதிய நாவல் 'லாக்கப்'. படத்தில் வேலை தேடிப் போன தமிழ் இளைஞர்கள் குண்டூரில் ஒரு பூங்காவில் தங்கியிருக்கிறார்கள். தெலுங்கு தெரியாது. அடி முதலில் விழுகிறது, எதற்கு அடி என்பது பிறகே தெரிகிறது. செய்யாத திருட்டை ஒப்புக்கொண்டால் ஸ்டேஷன் கணக்கு முடியும், அவ்வளவுதான் தேவை. நீதிமன்றத்தில் தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டர் ஒருவர் மொழிபெயர்க்க முன்வந்ததும் வழக்கு நொறுங்குகிறது. அந்த நல்லவரோடு ஊர் திரும்பியவர்கள், நன்றிக்கடனாக அவரது ஸ்டேஷனைச் சுத்தம் செய்கிறார்கள். அங்கே காதில் விழக்கூடாதது விழுகிறது. ஒரு ஆடிட்டர் காவலில் செத்துப்போகிறார். தப்பித்த இடத்தைவிடப் பெரிய பொறி சொந்த ஊரில் இருக்கிறது.

2015 செப்டம்பரில் வெனிஸ் விழாவின் ஒரிஸோன்டி போட்டிப் பிரிவில் படம் திரையிடப்பட்டது. ஆம்னஸ்டி இத்தாலியக் கிளையின் மனித உரிமைக்கான சினிமா விருது அதற்குக் கிடைத்தது. நாவலாசிரியரும் வெனிஸ் போனார். அப்புறம்தான், 2016 பிப்ரவரி 5 அன்று, தமிழ்நாட்டில் படம் வெளியானது. சுவரொட்டியில் நட்சத்திரங்களின் முகத்தோடு வெனிஸ் விழாவின் இலைச் சின்னமும் இருந்தது.  வெளிநாட்டுப் பரிசு ஒரு கவசம் போல வேலை செய்தது. போலீசை இவ்வளவு இருட்டாகக் காட்டிய படம் பெரிய தொல்லையின்றி ஓடியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். 63ஆவது தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம், சிறந்த துணை நடிகர் சமுத்திரக்கனி, சிறந்த படத்தொகுப்பாளர் கிஷோர் ஆகிய மூன்றும் வந்தன. கிஷோர் 2015 மார்ச்சிலேயே, 36 வயதில், இறந்துவிட்டிருந்தார். ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய படமும் அந்த ஆண்டு இதுதான். இறுதிப் பட்டியலுக்குப் போகவில்லை.

வேளச்சேரியிலிருந்து சைதாப்பேட்டை வழியாகத் தி.நகருக்குப் பஸ் இருக்கிறது. சைதாப்பேட்டையில் அடையாற்றை ஒட்டிய குடிசைப் பகுதிதான் மணிகண்டனின் 'காக்கா முட்டை' நடந்த இடம். மரத்தை வெட்டி, விளையாடிய இடத்தைப் பிடுங்கி, அங்கே பீட்சா கடை திறக்கிறார்கள்; அந்தக் கடைக்குள் அந்தப் பையன்களை விடுவதில்லை. 2014ஆம் ஆண்டின் சிறந்த குழந்தைகள் படம் என்று அதற்குத் தேசிய விருது. இரண்டு பையன்களுக்கும் நடிப்புக்கான விருது.

தி.நகரின் கூட்டத்தில் உரிமைப் படத்தின் தடம் எளிதில் தெரியாது. துணிக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடை, நடுவே வீடுகள். அந்த வீடுகளின் சமையலறைக்குள் போன படம் ஜானகி விஸ்வநாதனின் 'குட்டி'. சிவசங்கரியின் கதை. கிராமத்திலிருந்து சென்னைக்கு வீட்டுவேலைக்கு அனுப்பப்படும் சிறுமியாக நடித்த ஸ்வேதா 2001ஆம் ஆண்டின் சிறந்த குழந்தை நட்சத்திர விருது பெற்றார். வீடுகளில் சிறுவர்களை வேலைக்கு வைப்பதைச் சட்டம் தடை செய்தது 2006 அக்டோபரில். இந்த விஷயத்தில் படம் சட்டத்துக்கு முன்னால் போனது.

'ஜெய் பீம்' 2021 நவம்பர் 2 அன்று அமேசான் பிரைமில் வந்தது. கடலூர் மாவட்டத்தில் 1993இல் காவலில் வைக்கப்பட்டிருந்தபோது கொல்லப்பட்ட ராஜாகண்ணுவின் வழக்கு அது. வழக்கறிஞர் கே. சந்துரு, பின்னாளில் நீதிபதி, ஆட்கொணர்வு மனு மூலம் அதை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். இயக்கம் த.செ. ஞானவேல். ஒரு ஆட்கொணர்வு மனு எப்படி நடக்கிறது என்பதைத் தமிழ்ச் சினிமா இவ்வளவு பொறுமையாகக் காட்டியதில்லை. நடிகரும் தயாரிப்பாளருமான சூர்யா, படம் காட்டிய இருளர் பழங்குடியினரின் நலனுக்கு 1 கோடி ரூபாய் கொடுத்தார். அதே மாதம், படத்தில் போலீஸ் அதிகாரி வீட்டுச் சுவரில் தொங்கிய காலண்டர் ஒன்றைச் சுற்றி எழுந்த சாதிச் சர்ச்சையில் மிரட்டல்கள் வந்தன. தி.நகரில் உள்ள அவர் வீட்டின் முன் ஆயுதம் தாங்கிய போலீஸ் காவல் போடப்பட்டது. போலீஸ் அத்துமீறலைப் பற்றிய படத்துக்குப் போலீஸ் பாதுகாப்பு. ஆழ்வார்பேட்டைக்கும் தி.நகருக்கும் நடுவே 26 ஆண்டுகள் ஓடியிருந்தாலும், பரிசு வெளியூரிலும் ஆபத்து வீட்டு வாசலிலும் என்ற நிலை பெரிதாக மாறவில்லை.

2023 ஆகஸ்டில் 69ஆவது தேசிய விருதுகள் அறிவிக்கப்பட்டபோது 'ஜெய் பீம்' ஒன்றும் பெறவில்லை. சிறந்த தமிழ்ப் படம் 'கடைசி விவசாயி'. அது தகுதியான தேர்வுதான். தேசிய ஒருமைப்பாட்டுக்கான விருது 'தி காஷ்மீர் ஃபைல்ஸ்' படத்துக்குப் போனதை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் வெளிப்படையாகக் கண்டித்தார். ஒரு காலத்தில் 'பம்பாய்' வாங்கிய அதே விருது. அடுத்த ஆண்டுக்கான விதிகளில் நர்கீஸ் தத்தின் பெயர் எடுக்கப்பட்டது. ஒருமைப்பாடு, சமூகப் பிரச்சினை, சுற்றுச்சூழல் எல்லாம் சேர்த்து 'தேசிய, சமூக, சுற்றுச்சூழல் மதிப்புகளை வளர்க்கும் படம்' என்று ஒரே பிரிவாக்கப்பட்டன. 'வேதம் புதிது' நுழைந்த வாசல் அதோடு மூடியது.

தி.நகரிலிருந்து வடக்கே சற்று தூரத்தில், நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில், திரைப்படத் தணிக்கை வாரியத்தின் மண்டல அலுவலகம் இருக்கிறது. தேசிய விருதுக்குப் படம் அனுப்ப வேண்டுமானால் அந்த ஆண்டின் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31க்குள் தணிக்கைச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். ஆகவே உரிமைப் படங்களின் முதல் தேர்வு விருதுக் குழுவிடம் நடப்பதில்லை, இங்கே நடக்கிறது. தனுஷ்கோடி மீனவர்களையும் ஈழ அகதிகளையும் பற்றி லீனா மணிமேகலை எடுத்த 'செங்கடல்' படத்துக்கு 2011இல் சென்னை அலுவலகம் சான்றிதழ் தர மறுத்தது. அவர் டெல்லியில் இருந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய், அதே ஆண்டு அனுமதி வாங்கினார். அந்தத் தீர்ப்பாயம் 2021 ஏப்ரலில் கலைக்கப்பட்டுவிட்டது. இப்போது சான்றிதழ் மறுக்கப்பட்டால் இயக்குநர் போக வேண்டிய இடம் உயர் நீதிமன்றம்.